டிகே: ஓர் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்கள்

டிகே (decay) என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், விழுதலைக் குறிக்கும் லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. பல், மரம், பிணம், கட்டடம், பேரரசு, ஒழுக்கம், வீணையின் ஒலி, யுரேனியம் என்று எதைப் பற்றியும் அதைச் சொல்லலாம். தமிழில் ‘சிதைவு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதி இடங்களில் பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஏரியும் உண்டு, சிப்காட் தொழிற்பூங்காவும் உண்டு. இரண்டு இடத்துப் பொருள்களுக்கும் பேச்சுத் தமிழ் தனித்தனி வினை வைத்திருக்கிறது. நேற்றைய சாம்பார் ஊசிப்போகும். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழையும். தக்காளி அழுகும். சரக்கு அடுக்கும் மரப்பலகை உளுத்துப்போகும், நனைந்த அட்டைப்பெட்டி இற்றுப்போகும், தகடு துருப்பிடிக்கும். கத்தரிக்காயும் பல்லும் சொத்தையாகும். ஏரிக்கரைச் சருகு மக்கும். மக்கினால் எரு, ஆகவே அது இழப்பே அல்ல. ஆங்கிலச் சொல் காலப்போக்கில் நேரும் சரிவைக் காட்டுகிறது. தமிழ் வினை எது, எதனால், எப்படி என்று கேட்கிறது.

ஆங்கிலத்திலும் அழுகலுக்கும் துருவுக்கும் தனிச் சொற்கள் உண்டே, தமிழிலும் ‘கெடுதல்’ என்ற பொதுச்சொல் இருக்கிறதே என்று மறுக்கலாம். உண்மைதான். பால் கெடும், ஊர் கெடும், பிள்ளையும் கெடுவான். ஆனால் கெடுதலில் ஒரு குறைசொல்லல் ஒட்டியிருக்கிறது. இயற்பியலுக்கு அது ஒத்துவராது. தொழிற்சாலைகளில் பற்றவைப்பின் உட்பழுதைப் படமெடுக்க இரிடியம்-192 பயன்படுகிறது. சுமார் 74 நாளில் அதன் அணுக்களில் பாதி மாறிவிடும், பெரும்பகுதி பிளாட்டினமாகிறது. பிளாட்டினம் ஆனதைக் கெட்டுப்போனது என்று யார் சொல்வார்? கார்பன்-14 அணுவும் துண்டு துண்டாவதில்லை. எலக்ட்ரான் ஒன்றை உமிழ்ந்து நைட்ரஜனாகிறது. 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற அந்தக் கணக்கை வைத்துத்தான் கீழடி அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. குறைவது எண்ணிக்கை, தரம் அல்ல. அப்படிப் பார்த்தால் பாடநூல்களின் ‘கதிரியக்கச் சிதைவு’கூடக் கொஞ்சம் பிசகுதான், நிலைத்துவிட்டதால் இனி மாற்ற வேண்டியதில்லை.

நிலைக்காத இடங்களில் ‘சிதைவு’ என்பதையே நீட்டக் கூடாது. மீட்டிய தந்தியின் ஒலி சிதைவதில்லை, தேய்கிறது. தேய்பிறை என்று நிலவுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம். கைவிடப்பட்ட தெரு பாழடைகிறது. மேல்வளிமண்டலத்தின் உராய்வில் துணைக்கோள் சுற்றுக்குச் சுற்று உயரம் இறங்கிக் கடைசியில் விழுகிறது; இதற்கும் ஆங்கிலத்தில் டிகேதான். லத்தீன் வேரை அப்படியே காப்பாற்றியிருப்பது இந்தப் பொருள்தான்.