பாக்கு நீரிணையின் இரு கரைகள்: யாழ்ப்பாண – தமிழகத் திருச்சபை உறவின் வரலாறு

தென்னிந்தியத் திருச்சபையின் தலைமையகம் சென்னையில் உள்ளது. அதன் திருமண்டலங்களுள் ஒன்று மட்டும் இந்தியாவுக்கு வெளியே, இலங்கையின் வடக்கே உள்ளது. தமிழ்நாட்டில் 'திருமண்டலம்' என்று வழங்கும் அமைப்பு யாழ்ப்பாணத்தில் 'ஆதீனம்' எனப்படுகிறது. சைவ மடங்களுக்கு வழங்கிய சொல்லையே அங்குள்ள கிறித்தவர்களும் எடுத்துக்கொண்டனர். வட்டுக்கோட்டையில் பேராலயத்தைக் கொண்ட இந்த ஆதீனம் வேறொரு நாட்டின் திருச்சபையோடு இணைந்தது எப்படி? அதற்கான விடை 1812ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

தடையால் பிறந்த தொடர்பு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரை மையமாகக் கொண்ட 'அமெரிக்கன் போர்டு' என்னும் மிஷன் சங்கம் 1810இல் தோன்றியது. அது அனுப்பிய முதல் மிஷனரிமார் 1812இல் கல்கத்தாவை அடைந்தனர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிடவில்லை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் மொரீசியஸ் சென்றார். அங்கே மனைவி ஹாரியட்டை இழந்து, பின்னர் இலங்கையை அடைந்தார்.

இலங்கை 1802 முதல் கம்பெனியின் பிடியில் இல்லை. பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சியில் இருந்ததால் கம்பெனியின் தடை அங்கே செல்லவில்லை. நியூவெல் அனுப்பிய செய்திகள் யாழ்ப்பாணத்தின் பக்கம் அமெரிக்கன் போர்டின் கவனத்தைத் திருப்பின. 1816இல் டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வர்ட் வாரன், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் கொழும்பில் இறங்கினர். ஆளுநர் பிரவுன்றிக் இசைவளிக்க, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கியது.

இந்த இசைவு நீடிக்கவில்லை. அடுத்து வந்த எட்வர்ட் பார்ன்ஸ் புதிய அமெரிக்க மிஷனரிமாருக்கு அனுமதி மறுத்தார். அச்சுப் பணிக்காக 1820இல் வந்த ஜேம்ஸ் காரெட் என்பவரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார். 1833 வரை புதிதாக எவரும் வர இயலவில்லை. ஆட்கள் வராத நிலையில், உள்ளூரில் ஆட்களை உருவாக்குவது இன்றியமையாததாயிற்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி அந்தத் தேவையை நிறைவேற்றியது. 1824இல் உடுவில் பெண்கள் பள்ளி தோன்றியது.

வட்டுக்கோட்டையிலிருந்து மதுரைக்கு

1833இல் கம்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்பட்டபோது இந்தியக் கரையில் இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மறு ஆண்டின் தொடக்கத்தில் லீவாய் ஸ்பால்டிங் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரையைப் பார்த்து வந்தார். 1834 ஜூலையில் ஹென்றி ஹாய்சிங்டன், வில்லியம் டாட் இருவரும் மதுரையில் பணியைத் தொடங்கினர். வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் அவர்களுடன் சென்றனர். புகழ்பெற்ற மதுரை அமெரிக்கன் மிஷன் இப்படித்தான் பிறந்தது. பாஸ்டனிலிருந்து நேராக வராமல், அது யாழ்ப்பாணத்தின் கிளையாகவே தொடங்கியது. 1836இல் டானியல் பூவர் மதுரைக்குச் சென்று பள்ளிகளைப் பெருக்கினார். அதே ஆண்டு மருத்துவர் ஜான் ஸ்கடரும் மிரன் வின்ஸ்லோவும் சென்னைக்கு மாறினர். 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சேறியது. அதற்கான சொல் திரட்டும் வேலை யாழ்ப்பாணத்தில் தொடங்கியதாகும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிஷன் வரலாறுகளில் வெள்ளையர் பெயர்களே முன்னால் நிற்கின்றன. மொழி தெரிந்து, ஊர் தெரிந்து, பள்ளிகளை நடத்திய தமிழர்களின் பெயர்கள் பெரும்பாலும் 'உதவியாளர்' என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துவிட்டன. இன்னொரு வகை மறைவும் உண்டு. செமினரி மாணவர்களுக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயர்களையோ, அமெரிக்கர்கள் விரும்பிய பெயர்களையோ சூட்டும் வழக்கம் இருந்தது. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து அமெரிக்கர் என எண்ணத் தோன்றும். இருவரும் தமிழர். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளைக்கும் 'ஆர்னல்ட்' என்ற பெயர் இப்படியே வந்தது. உறவு அன்பானதுதான், சமமானதல்ல என்பதற்கு இந்தப் பெயர்களே சான்று.

கடல்வழி எல்லோருக்கும் பொது

கல்வி கொடுத்தவர்கள் எதிர்பார்த்தபடி மட்டும் அது பயன்படவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராக வாழ்ந்து, தமிழகத்தில் இருந்தபடி வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்தார். மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர், 1849இல் சென்னைக்குச் சென்று அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். 1864இல் சிதம்பரத்தில் சைவப் பள்ளி நிறுவினார். மிஷனரிமார் போன அதே வழியில் அவர்களுக்கான மறுப்பும் போனது. இதையும் சேர்த்துப் படித்தால்தான் இவ்வரலாறு முழுமை பெறும்.

தொண்டியில் ஒரு திருப்பம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பணமும் தலைமையும் அமெரிக்காவிலிருந்தே வந்தன. நூற்றாண்டு திரும்பும் வேளையில் யாழ்ப்பாணத்து மாணவர்கள் தாங்களே ஒரு 'வெளிநாட்டு மிஷன்' சங்கம் அமைத்தனர். அவர்கள் பணிக்களமாகத் தேர்ந்தது எதிர்க்கரையில் இருந்த தொண்டி. அமெரிக்கர் உதவியை எதிர்பாராமல், யாழ்ப்பாணத்துக் காசில், யாழ்ப்பாணத்து ஆளை அனுப்பினர்.

1902இல் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் செயலராக யாழ்ப்பாணம் வந்த வே. ச. அசரியா இதைக் கண்டார். சிறிய யாழ்ப்பாணத்துச் சபை கடல் கடந்து ஆள் அனுப்புகிறது, பெரிய திருநெல்வேலிச் சபை அனுப்பவில்லையே என்ற எண்ணம் அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் தலைமை என்பது அதன் கொள்கை. அச்சங்கத்தின் களமான தோர்ணக்கல்லில் அசரியா 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். வட்டுக்கோட்டை மதுரைக்குக் கொடுத்ததை நாம் அறிவோம். தொண்டி திருநெல்வேலிக்குக் கொடுத்ததை அறிந்தவர் சிலரே.

இணைப்பும் எல்லையும்

1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது மதுரைச் சபைகளுடன் யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் சபைகளும் அதில் சேர்ந்தன. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள் விரிந்த ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தனர். நீண்ட பேச்சுக்குப் பின் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கி வைக்கப்பட்டது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஐக்கிய சபையார் ஆகியோர் ஒன்றாயினர். ஐக்கிய சபையின் உறுப்பு என்ற முறையில் யாழ்ப்பாணமும் உள்ளே வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் இலங்கையில் இருந்த தத்தம் சபை அமைப்புகளிலேயே நின்றனர். எனவே பக்கத்துத் தெருச் சபையோடு ஒன்றாகாதவர்கள் கடலுக்கு அப்பால் உள்ள சபையோடு ஒன்றாயினர்.

இரு கரைகளின் முதல் பேராயர்களை ஒப்பிடலாம். மதுரை – இராமநாதபுரத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரி. யாழ்ப்பாணத்தின் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன், மண்ணின் மைந்தர். 1834இல் 'உதவியாளர்' எனப்பட்டவர்களின் வழிவந்த சபை 1947இல் தன் தலைவரைத் தன்னிலிருந்தே எடுத்தது.

அந்த நாள் இந்திய விடுதலைக்கு ஆறு வாரம் பிந்தியது, இலங்கை விடுதலைக்கு நான்கு மாதம் முந்தியது. ஒரே பேரரசின் இரு கரைகளாக இருந்தவை விரைவில் இரு நாடுகளாயின. கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் வழி, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது முறிந்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் உள்நாட்டுப் போரால் நின்றது. இலங்கையின் சபைகளை ஒன்றாக்கும் திட்டமும் பல ஆண்டுகள் பேசப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் யாழ்ப்பாண ஆதீனம் இலங்கைக்குள்ளான ஒரே திருச்சபையில் சேர்ந்திருக்கும். 1970களில் கைகூடும் நிலைக்கு வந்து அத்திட்டம் தடைப்பட்டது. சென்னையுடனான உறவே நிலைத்தது.

நிறைவாக

இந்த இருநூறு ஆண்டு வரலாற்றில் எல்லை இருமுறை தடையாக வந்தது. முதல் தடை அமெரிக்கரை யாழ்ப்பாணத்துக்குத் திருப்பிவிட்டது. இரண்டாம் தடை இரு கரை மக்களையும் பிரித்தது. இரண்டையும் தாண்டி உறவு நிலைத்ததற்குக் காரணம் பாஸ்டனின் பணம் மட்டுமன்று. மதுரைக்குப் படகேறிய பெயர் தெரியாத ஆசிரியர்களும், தொண்டிக்கு ஆள் அனுப்பத் தங்கள் காசைச் சேர்த்த மாணவர்களும் அதற்குக் காரணம். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்று இருந்த காலத்தில் அது உதவி. இரு பக்கமும் கொடுக்கத் தொடங்கிய பிறகே அதைக் கூட்டுறவு என்று சொல்ல முடியும்.