குபேகா: சின்ன டீம், நீண்ட சாலை

இன்னைக்கு எபிசோடுல ஒரு சைக்கிள் டீமோட கதை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, டூர் டி பிரான்ஸ் வரைக்கும் போய், 2021ல இழுத்து மூடப்பட்ட டீம். அவங்க ஜெயிச்ச பட்டியல் நல்லாவே இருக்கு. ஆனா அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உத்துப் பார்த்தா, இது யாரோட வெற்றின்னு ஒரு கேள்வி வரும். அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல, இந்த விளையாட்டு எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்குவோம். ரோடு ரேஸ்ல மேடை ஏறுறது ஒருத்தர்தான், ஆனா ஓட்டுறது டீமா. முன்னாடி போறவர் காத்தைக் கிழிச்சுக் கொடுத்தா, பின்னாடி வர்றவருக்குச் சக்தி நிறைய மிச்சமாகும். அதனால ஒரு தலைவருக்காக மத்தவங்க எல்லாரும் காத்து வாங்கிட்டு ஓட்டுவாங்க.

பணம் எங்கிருந்து வரும்? ஸ்டேடியம் கிடையாது, டிக்கெட் கிடையாது. ரோட்டோரம் நின்னு யார் வேணும்னாலும் சும்மா பார்க்கலாம். டிவி உரிமைப் பணம் ரேஸ் நடத்துறவங்களுக்குத்தான் போகும். டீம்கள் பெரும்பாலும் ஸ்பான்சரை நம்பித்தான் இருக்கு. அதனாலதான் டீமுக்கே கம்பெனிப் பேர். கம்பெனி மாறினா பேரும் மாறும். கம்பெனி போயிட்டா டீமும் போயிடும்.

இன்னொரு விஷயம், அடுக்கு. மேல்மட்டம் 'வேர்ல்டு டூர்'. பெரிய ரேஸ்கள்ல அவங்களுக்கு இடம் உறுதி. அதுக்குக் கீழே இருக்கிற பெரும்பாலான டீம்கள் 'வைல்டு கார்டு' அழைப்பு வருமான்னு காத்துக்கிட்டு இருக்கணும்.

இப்போ கதைக்கு வருவோம். டக் ரைடர்னு ஒருத்தர். தென்னாப்பிரிக்கர், அவரே முன்னாள் சைக்கிள் வீரர். 2007ல எம்டிஎன் என்கிற தொலைபேசி கம்பெனியோட ஆதரவில் ஒரு டீமை நடத்த ஆரம்பிக்கிறார். பிறகு அதோட பேர்ல 'குபேகா'வும் சேருது. இது ஒரு தொண்டு அமைப்போட பேர். நுகுனி மொழிகள்ல 'முன்னேறிப் போ' என்கிற மாதிரி அர்த்தம். இந்த அமைப்பு சைக்கிளைச் சும்மா தானமா கொடுக்கிறதில்லை. மரக்கன்று வளர்க்கணும், குப்பையைத் தரம் பிரிச்சுச் சேர்க்கணும், ஒழுங்கா படிக்கணும். அப்படி உழைச்சுத்தான் சைக்கிளைச் சம்பாதிக்கணும். மண் ரோட்டுல ஓடுற மாதிரி, கனமான கேரியர் வச்ச உறுதியான சைக்கிள். பள்ளிக்கூடத்துக்குப் பல கிலோமீட்டர் நடக்கிற பிள்ளைகளுக்கு அது என்ன அர்த்தம்னு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக டீமுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, இந்தச் சைக்கிள் திட்டத்துக்கு ஆதரவு திரட்டுறது. இன்னொண்ணு, ஆப்பிரிக்க வீரர்களை உலகத்தோட பெரிய ரேஸ்களுக்குக் கொண்டு போறது.

2013ல டீம் இரண்டாம் அடுக்குக்கு ஏறுது. ஆப்பிரிக்காவிலிருந்து அந்த அளவுக்கு வந்த முதல் டீம் இதுதான். அந்த வருஷம் மார்ச் 17, இத்தாலியில் மிலான்–சான் ரெமோ ரேஸ். இவங்க வைல்டு கார்டுல வந்தவங்க. வழியில் பனி கொட்டுது. நடுவுல ரேஸை நிறுத்தி, வீரர்களை பஸ்ல ஏத்தி, மலைப்பாதையைத் தாண்டி இறக்கி விட்டாங்க. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ரேஸ், 246 ஆகக் குறைஞ்சது. கடைசியில் ஒரு சின்னக் கூட்டம் ஸ்பிரிண்டுக்கு வருது. பீட்டர் சகான் இருக்கார், ஃபேபியன் கான்செலாரா இருக்கார். எல்லாரும் அவங்களையே பார்த்துட்டு இருக்க, குபேகாவோட ஜெர்மன் வீரர் கெரால்ட் சியோலெக் முந்திட்டார்!

அடுத்து 2015, டூர் டி பிரான்ஸ். ஆப்பிரிக்காவில் பதிவான டீம் ஒண்ணு அதுல ஓடுறது அதுதான் முதல் தடவை. 9 பேர்ல 5 பேர் ஆப்பிரிக்கர்கள்: 3 பேர் தென்னாப்பிரிக்கா, 2 பேர் எரித்திரியா.

எரித்திரியாவைப் பத்தி ஒரு வார்த்தை. 1890லிருந்து 1941 வரைக்கும் அது இத்தாலியோட காலனி. சைக்கிள் ரேஸை அங்கே கொண்டு வந்ததே இத்தாலிக்காரங்கதான். ஆரம்பத்தில் அந்த ரேஸ்ல உள்ளூர் மக்களைச் சேர்க்கவே இல்லை. பிறகு அந்த மக்களே அந்த விளையாட்டைத் தங்களோடதா எடுத்துக்கிட்டாங்க. தலைநகர் அஸ்மாரா 2,300 மீட்டருக்கு மேல உயரத்தில் இருக்கு. அங்கே சைக்கிள் ரேஸ்னா தெருவே கூடிடும்.

அந்த எரித்திரியர்கள் ரெண்டு பேர், டேனியல் டெக்லேஹைமனோட்டும் மெர்ஹாவி குடுஸும். 2015 ஜூலை 9, ஆறாவது நாள். டேனியல் முன்னாடி பிரிஞ்சு போய், சின்னச் சின்ன மேடுகள்ல புள்ளிகளைச் சேர்த்து, மலையேற்றத்துக்கான சிவப்புப் புள்ளி ஜெர்சியை வாங்கிட்டார். ஆப்பிரிக்க நாட்டு வீரர் ஒருத்தர் அதைப் போட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்பது நாள் கழிச்சு, ஜூலை 18. மண்டேலா பிறந்த நாள். ரேஸ் மாந்த் ஊருக்குப் போகுது. செங்குத்தான மேட்டுல முன்னாடி ரெண்டு பிரெஞ்சுக்காரங்க, திபோ பினோவும் ரொமான் பார்டேவும். நீ போ, நான் போன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்காங்க. பின்னாடி தன் வேகத்தில் வந்த 34 வயசு ஸ்டீவ் கம்மிங்ஸ், உச்சியைத் தாண்டினதும் நிக்கவே இல்லை, அப்படியே அவங்களைக் கடந்து போயிட்டார். டூர்ல குபேகாவோட முதல் வெற்றி, அதுவும் மண்டேலா நாள்ல!

கதை இங்கேயே முடிஞ்சிருந்தா சினிமா. ஆனா இது வாழ்க்கை.

2016ல எம்டிஎன் போய், டைமென்ஷன் டேட்டா வருது. டீம் வேர்ல்டு டூருக்கு ஏறுது. மார்க் கேவண்டிஷ் வந்து சேர்றார். அந்த வருஷ டூர்ல அவர் 4 ஸ்டேஜ், கம்மிங்ஸ் 1, மொத்தம் 5. கேவண்டிஷ் வாழ்க்கையிலேயே முதல் தடவையா மஞ்சள் ஜெர்சி போட்டது இந்த டீம்லதான்.

மேல்மட்டத்துல இருக்கணும்னா வருஷம் முழுக்க எல்லாப் பெரிய ரேஸுக்கும் ஆள் அனுப்பணும், புள்ளிகள் சேர்க்கணும், ஸ்பான்சருக்கு வெற்றி காட்டணும். அதுக்கு அனுபவசாலிகள் வேணும். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையனை அஸ்மாராவிலிருந்து கூட்டிட்டு வந்து, விசா வாங்கி, ஐரோப்பியக் குளிருக்கும் நெருக்கமான கூட்டத்துக்கும் பழக்கி எடுக்க வருஷங்கள் ஆகும். அவசரத்தில் இருக்கிற டீமுக்கு அந்தப் பொறுமை கட்டுபடியாகாது.

டீம் பேர் பிறகு என்டிடி ஆச்சு, அப்புறம் குபேகா அசோஸ், அப்புறம் குபேகா நெக்ஸ்ட்ஹாஷ். 2021 டூர்ல 8 பேர் ஓட்டினாங்க. அதுல ஒரே ஒரு ஆப்பிரிக்கர், கேப் டவுனைச் சேர்ந்த நிக் டிலாமினி. டூர்ல ஓட்டிய முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர். ஒன்பதாவது நாள், தீன் மலை, மழை, குளிர். கீழே விழுந்து பின்தங்கிட்டார். நேர வரம்புக்குள்ள போய்ச் சேர முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. கார்ல ஏறியிருக்கலாம். ஏறல. எல்லாரும் போய் முடிச்ச பிறகு, தனியா ஓட்டி வந்து கோட்டைத் தாண்டினார். ரிசல்ட்ல அவர் பேருக்கு நேரா இருந்தது நேர வரம்பைத் தாண்டினவர் என்கிற குறிப்பு மட்டும்தான்.

அதே வருஷம் ஜீரோ டி இத்தாலியாவில் இவங்க 3 ஸ்டேஜ் ஜெயிச்சாங்க: ஒரு சுவிஸ், ஒரு இத்தாலியர், ஒரு பெல்ஜியர். ஆனாலும் அடுத்த வருஷத்துக்குப் பணம் தேறல. 2021 முடிவுல டீம் மூடப்பட்டது.

இப்போ கணக்குப் பாருங்க. டூர், ஜீரோ, வுவெல்டா, இந்த மூணு பெரிய ரேஸ்லயும் குபேகாவுக்காக ஒரு ஆப்பிரிக்க வீரர்கூட ஸ்டேஜ் ஜெயிச்சது கிடையாது. அப்போ தோத்துட்டாங்களா?

2024 ஜூலை 1. டூர் டி பிரான்ஸ், மூணாவது நாள், இத்தாலியில டுரின் நகரம். எரித்திரியாவோட பினியம் கிர்மாய் ஜெயிக்கிறார். டூர்ல ஸ்டேஜ் ஜெயிச்ச முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அந்த வருஷம் 3 ஸ்டேஜும் பச்சை ஜெர்சியும் அவருக்குத்தான். எந்த நாடு அவர் ஊர்க்காரங்களை ரேஸ்ல சேர்க்கலையோ, அந்த நாட்டு மண்ணிலேயே முதல் வெற்றி. அவர் குபேகாவில் ஓட்டினவர் இல்லை. சுவிட்சர்லாந்து பயிற்சி மையம், பிரெஞ்சு டீம், பெல்ஜிய டீம்னு வேற வழியா வந்தவர். டேனியல் அந்தப் புள்ளி ஜெர்சியைப் போட்டப்போ கிர்மாய்க்கு 15 வயசு.

குபேகாவோட பழைய வீரர்கள்ல இன்னொருத்தர் அட்ரியன் நியோன்ஷுதி. ருவாண்டா இனப்படுகொலையில் சகோதரர்களை இழந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல நாட்டுக் கொடியை ஏந்திப் போனார். 2025 செப்டம்பர்ல அதே ருவாண்டாவோட கிகாலியில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் தடவை.

இதுக்கெல்லாம் குபேகா மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா சைக்கிள்ல முன்னாடி போய்க் காத்து வாங்குறவர் பேர் ரிசல்ட்ல மேல வராது. பின்னாடி வந்தவர் ஜெயிப்பார். இந்த டீமோட 15 வருஷத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

உங்களுக்கு எப்படித் தோணுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.