வாணமும் வரம்பும்

தீபாவளிப் பண்டிகை பாரதம் முழுவதற்கும் பொதுவானது. ஆனால் அது பிறக்கும் வேளை எங்கும் ஒன்றன்று. தமிழ்நாட்டில் ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று, பொழுது புலருமுன் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்தி முதல் வெடியைக் கொளுத்துவது வழக்கம். வடநாட்டிலோ அமாவாசை இரவில் இலக்குமி பூசை முடிந்த பின்னரே வாணங்கள் எழும். வங்கத்தில் அதே இரவு காளி பூசைக்கு உரியது. பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நாம் இவ்வேறுபாட்டை ஆண்டுதோறும் காண்கிறோம். நம் வீட்டுக் குழந்தை மத்தாப்பை எடுக்கும் வேளையில் அண்டை வீட்டார் உறங்கிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் வெடி கொளுத்தும் வேளையில் நம் பண்டிகை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இவ்வேறுபாடு வழக்கத்தோடு நின்றுவிடவில்லை; சட்டத்திலும் புகுந்திருக்கிறது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தகைய வெடியை விற்கலாம், கொளுத்தலாம் என்று ஊருக்கு ஊர் வகுக்கப்பட்டுள்ள விதிகள், ஏதேனும் ஒரு வழக்கத்தின் பொழுதைக் கணக்கில் வைத்தே எழுதப்படுகின்றன. அவ்விதிகள் தோன்றிய வரலாற்றையும், அவற்றில் நம் விடியற்பொழுதுக்கு இடம் கிடைத்த வரலாற்றையும் ஒருங்கே அறிந்துகொள்வது வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பெரிதும் பயன்படும்.

முற்காலத்தில் வாணவேடிக்கை அரண்மனைக்கு உரிய ஆடம்பரமாக இருந்தது. 1443ஆம் ஆண்டில் இரண்டாம் தேவராயரின் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவின் சிறப்புகளை விவரிக்குமிடத்தில் வாணவேடிக்கையையும் குறிப்பிட்டிருக்கிறார். பூனாவில் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தின் காப்பாளராக விளங்கிய பி. கே. கோடே, 1400 முதல் 1900 வரையுள்ள இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட சிறு நூலில் இத்தகைய சான்றுகள் பலவற்றைத் திரட்டித் தந்திருக்கிறார். அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. கோட்டா நகரில் நான்கு நாள் நடைபெறும் தீபாவளியைப் பற்றி மகாதஜி சிந்தியா பேஷ்வா சவாய் மாதவராவிடம் எடுத்துரைத்ததாக மராட்டிய பகர் ஒன்று கூறுகிறது. வெடிமருந்து பொதிந்த இராவணனும் அரக்கரும் வானரரும் அனுமனும் நிற்க, இலங்கை தீப்பற்றி எரியும் காட்சி அங்கே நடத்தப்பெற்றதாம். அதனை அரசர் தம் தலைநகரின் எல்லைக்கு வெளியே நடத்தினார் என்பதே நாம் கருதத்தக்க செய்தி. மக்கள் குடியிருக்கும் இடமும் மருந்து வெடிக்கும் இடமும் விலகியிருத்தல் வேண்டும் என்னும் அறிவு, எழுதிய சட்டம் வருமுன்னரே நம் நாட்டில் இருந்தது.

அந்த அறிவுக்குச் சட்ட வடிவம் அளித்தது 1884ஆம் ஆண்டின் இந்திய வெடிபொருட் சட்டம். பீரங்கிக்குரிய மருந்தையும், பாறை பிளக்கும் வெடியையும், குழந்தைகளின் வாணத்தையும் அது ஒரே சொல்லின் கீழ்க் கொண்டுவந்தது. சட்டத்தின் பார்வையில் பட்டாசு விளையாட்டுப் பொருளன்று, வெடிபொருள். செய்வதற்கும், சேர்த்து வைப்பதற்கும், விற்பதற்கும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கும் அரசாங்கம் வரம்பு கட்டலாம் என்னும் கொள்கை அன்றுமுதல் நிலைபெற்றது. 1898இல் இதற்கெனத் தனித்துறை ஒன்று ஏற்பட்டது. பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு என்னும் பெயருடன் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு அது இயங்கிவருகிறது.

இச்சட்டத்தின் வரலாற்றில் தமிழருக்குத் தனிப்பங்கு உண்டு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து வெடியும் என்று தொழில் வளர்ந்தது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்ற தொழிற்சாலைக்கு உரிய இலக்கணத்தை வகுத்தபின், சிவகாசியில் முறையான பட்டாசுத் தொழிற்சாலைகள் எழுந்தன. வெளியூருக்குச் சென்று கைத்தொழில் கற்றுவந்த தமிழரின் உழைப்பால், இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி அந்த வறண்ட பூமியிலிருந்தே வருகிறது.

சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாயினும், அது மக்களைத் தொடும் இடம் உள்ளூரே. 2008ஆம் ஆண்டின் விதிகள் பண்டிகைக் காலத்துத் தற்காலிகக் கடைகளைப் பற்றிக் கூறுவனவற்றைப் பாருங்கள். கடைக்குரிய கொட்டகை எளிதில் தீப்பற்றாத பொருளால் அமைதல் வேண்டும். ஒரு கடைக்கும் மற்றொரு கடைக்கும் இடையே 3 மீட்டராவது இருத்தல் வேண்டும். பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் விலகியிருத்தல் வேண்டும். கடைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்றல் கூடாது. எண்ணெய் விளக்கோ திறந்த சுடரோ அருகில் ஆகாது. ஒரு தொகுதியில் 50 கடைகளுக்கு மேல் அமைதல் கூடாது. இவற்றை ஏட்டில் எழுதுவது மத்திய அரசு. எந்த மைதானத்தில் இந்த அளவுகள் பொருந்தும் என்று கண்டு உத்தரவு தருவோர் மாவட்ட அதிகாரிகளும், காவல்துறையினரும், நகராட்சியினரும், தீயணைப்புத் துறையினருமே. ஊரின் தெரு அகலத்தை அறிந்தவர் ஊரில் உள்ளவர் அன்றோ?

அவ்வுள்ளூர் உத்தரவு மீறப்பட்டால் நேர்வது யாது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறினால் போதும். கேரளத்தில் கொல்லத்தை அடுத்த பரவூர்ப் புற்றிங்கல் கோயிலில் போட்டி வாணவேடிக்கை நடத்த மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. ஆயினும் வேடிக்கை நடைபெற்றது. 2016 ஏப்ரல் 10ஆம் நாள் வைகறைக்கு முன், சேமித்து வைத்திருந்த வெடிகள் பற்றிக்கொள்ள, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மற்றொன்று நம்மவரைப் பற்றியது. 2023 அக்டோபர் 7ஆம் நாள், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்குமாக இருந்த ஓரிடத்தில் தீப்பற்றி 14 பேருக்குக் குறையாதோர் மாண்டனர். இறந்தோரிற் பலர் பண்டிகைக்கால வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்கள். தீபாவளிக்கு வீட்டுக்குப் புதுத்துணி வாங்கச் சில நாள் கூலியை நாடிச் சென்றவர்கள் பிணமாகத் திரும்பினர். மீட்டர் கணக்கில் எழுதப்பட்ட விதி வெறும் எண்ணன்று என்பதை அவ்வூர்த் தாய்மார் அறிவர்.

உயிர்ச்சேதத்தைத் தடுக்க எழுந்த சட்டம், பின்னர் ஓசைக்கும் புகைக்கும் வரம்பு கட்டத் தொடங்கியது. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல் அளவைக் கடக்கும் ஒற்றை வெடி கூடாது என்று 1999இல் மத்திய அரசு விதித்தது. மேற்கு வங்கமோ 1990-களின் பிற்பகுதியிலிருந்தே 5 மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் என்னும் கடுமையான எல்லையைக் கைக்கொண்டது. 2023 அக்டோபரில்தான் அதனை 125 ஆக உயர்த்தியது. ஆகவே, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம், சிவகாசியில் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யப்பட்ட வெடி கல்கத்தாவின் தெருவில் சட்டவிரோதமாக இருந்தது. ஊரிலிருந்து வாங்கிவந்த வெடி குற்றமாகும் என்று நம்மவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். பொருள் ஒன்றே, ஊர் மாறியதும் சட்டமும் மாறியது.

இனி, நேரத்தைப் பற்றிய வரம்புக்கு வருவோம். 2005 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஒலி மாசினைப் பற்றி வழங்கிய தீர்ப்பில், இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஓசை எழுப்பும் வெடிகளைக் கொளுத்தலாகாது என்று உறுதிப்படுத்தியது. நோயாளியும் முதியவரும் கைக்குழந்தையும் உறங்க வேண்டும் என்னும் கருணையில் பிறந்த விதி அது. அதனை மறுத்துரைப்பார் இலர். ஆனால் விடியற்காலை 4 மணிக்கு நீராடி முதல் வெடி கொளுத்தும் தமிழனின் வழக்கம் அவ்வெல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் அந்நீதிமன்றம் தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணிவரை மட்டுமே வெடிக்கலாம் என்று ஆணையிட்டபோது, நம் பண்டிகைப் பொழுது முற்றிலும் வெளியே நின்றது. அமாவாசை இரவை மனத்திற்கொண்டு வகுத்த நேரம் அது.

தமிழ்நாடு அரசு வாளாவிருக்கவில்லை. எம் மக்கள் பண்டிகையை விடியலில் கொண்டாடுகின்றனர் என்று நீதிமன்றத்தில் மனுச் செய்தது. ஒரே வாரத்தில், அக்டோபர் 30ஆம் நாள், மொத்தம் இரண்டு மணி நேரம் என்னும் எல்லையை மீறாமல் தென்மாநிலங்கள் நேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்னும் விளக்கம் கிடைத்தது. காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று தமிழ்நாடு பகுத்துக்கொண்டது. வைகறை வெடி மீளவில்லை. எனினும், விடியலுக்கு ஒரு மணி நேரம் சட்டத்தில் இடம் பெற்றது. வேண்டுகோளும் வாதமும் கொண்டு பெற்ற உரிமை அது.

அவ்வுரிமை ஓசூரைத் தாண்டியோ தடாவைத் தாண்டியோ நம்மோடு வருவதில்லை. 2023 நவம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் காற்று மாசினைக் கருதி முதலில் இரவு 7 முதல் 10 வரையிலும், பின்னர் 8 முதல் 10 வரையிலும் வெடிக்க அனுமதித்தது, விடியலுக்கு இடமில்லை. இத்தனைக்கும் மராட்டியரும் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் நீராடி, காரீட் என்னும் கசப்புக் காயைக் காலால் நசுக்கி அசுரவதத்தை நினைவுகூர்பவரே. தில்லியில் பல ஆண்டுத் தடைக்குப்பின், 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளுக்கு இரண்டு நாள் இசைவளித்தபோது, இரவு 8 முதல் 10 வரை என்பதோடு காலை 6 முதல் 7 வரை என்பதையும் சேர்த்தது. தலைநகர்த் தமிழருக்கு அது எதிர்பாராத நற்பேறாயிற்று.

கடிகாரம் ஒன்றாயினும் கதிரவன் எங்கும் ஒரே வேளையில் எழுவதில்லை. ஐப்பசி மாதத்துக் காலை 6 மணியைக் கருதுங்கள். கொல்கத்தாவில் அதற்கு இருபது நிமிடத்துக்கு முன்னரே சூரியன் உதித்துவிடும். சென்னையில் அப்போதுதான் எழும். மும்பையில் எழ இன்னும் அரைமணிக்கு மேலாகும். நாட்டுக்கு ஒரே விதி என்று வகுத்தாலும் பொழுது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. உள்ளூர் வழக்கத்தையும் உள்ளூர் வானத்தையும் அறிந்தோர் கையில் நேரத்தை வகுக்கும் பொறுப்பு ஓரளவேனும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டுவதில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. பண்டிகைக்கு முன் நம் நகரத்து அவ்வாண்டு உத்தரவைக் கேட்டறிதல் முதலாவது. சென்ற ஆண்டின் நேரம் இவ்வாண்டுக்குப் பொருந்தும் என்று இருந்துவிடலாகாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர் அமைதிப் பகுதி என்பதை மறத்தலும் ஆகாது. ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள் பட்டாசு வைத்து ரயிலேறுதல் கூடவே கூடாது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி அதற்கு மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. சட்டத்தினும் பெரிது, அதே பெட்டியில் உறங்கும் நூறு உயிர்களின் பாதுகாப்பு.

விடியலில் ஒரு மணி நேரம் வேண்டுமாயின், திருட்டுத்தனமாக வெடித்து அண்டை வீட்டார் உறக்கத்தைக் கெடுப்பதால் அது கிட்டாது. நம் தமிழ்ச் சங்கங்கள், நம்மைப் போலவே அதிகாலையில் நீராடும் மராட்டியரோடும் கன்னடரோடும் சேர்ந்து, புரட்டாசி மாதத்திலேயே உரிய அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கலாம். உத்தரவு வகுப்போர் நம் வழக்கத்தை வெறுப்பவர் அல்லர். பெரும்பாலும் அதனை அறியாதவர். 2018இல் ஒரு மாநில அரசு எடுத்துரைத்தபோது நாட்டின் தலைமை நீதிமன்றமே செவிசாய்த்தது. ஒரு நகரத்துத் தமிழர் பணிவோடும் சான்றோடும் எடுத்துரைத்தால் அந்நகர அதிகாரி செவிசாய்க்க மறுப்பாரென நாம் கருதவில்லை.