பச்சை அடிச்சா ஆமி லொறியா?

1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர் திருகோணமலை. 1957 வரை பிரிட்டிஷ் கடற்படைத் தளம். அதனால துறைமுகப் பக்கம் பழைய பெட்போர்ட் ஒன்றைக் கண்டாலே 'உலகப்போர் லொறி' எண்டு படம் போட்டுவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கோ.

முதலில் மூக்கைப் பாருங்கள். சிவில் 'ஓ' வகைக்கு உருண்ட முகம். அதையே யுத்தத்துக்கு மாற்றிச் செய்த 'ஓ.வை.'க்குத் தட்டைப் பொனெட், சப்பை முகம். பின்னுக்கு இரட்டை டயர் இல்லை, பக்கத்துக்கு ஒரு பெரிய டயர்தான். நாலு சில்லும் இழுத்தால்தான் ஆமி லொறி என்பதும் பிழை. 'கியூ.எல்.' அப்படி இழுக்கும், 'ஓ.வை.' பின்சில்லால் மட்டுமே ஓடும். கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் செய்த யுத்த லொறிகளில் பிந்தியவற்றுக்கு முன்கண்ணாடியின் அடிப்பக்கம் உள்ளே சரிந்திருக்கும். வெயிலில் மின்னி, மேலே பறக்கிற விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாதே!

பெயின்டை மட்டும் நம்பாதீங்கோ. எங்கட அம்மா அப்பாவுக்குப் பச்சை லொறி எண்டால் வேறொரு யுத்தம். ரெண்டையும் ஒரே படத்துக்குக் கீழே குழப்பினால் ரெண்டு வரலாறும் போச்சு.

யுத்தம் முடிய மிச்ச லொறிகளை ஏலத்தில் விற்றார்கள். வாங்கினவர்கள் டயரை மாற்றினார்கள், மரப்பெட்டி கட்டினார்கள். ஆகவே கடைசியில் குனிந்து, துருவைச் சுரண்டி, சேஸி நம்பரைத்தான் தேட வேண்டும்.