கோடு கிழித்தவர் யார்? – கனடிய ஆதிக்குடிகளும் திட்டமிடற் கல்வியும்

நகரத் திட்டமிடல் நடுநிலையானதொரு தொழினுட்பம் என்றே நெடுங்காலமாகப் போதிக்கப்பட்டு வந்துள்ளது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண வரலாறு இதற்கு மாறான சான்று பகர்கின்றது. அங்கு பெரும்பகுதி நிலம் உடன்படிக்கை எதுவுமின்றியே கைப்பற்றப்பட்டது. நில அளவையாளன் கிழித்த கோடே அதற்குக் கருவியாயிற்று.

1884 இல் ‘பொட்லாட்ச்’ எனும் கொடைவிழாவைச் சட்டம் தடைசெய்தது. பட்டப்பெயர்கள், மீன்பிடி இடங்கள் முதலியவற்றின் மீதான உரிமைகள் சாட்சிகள் முன்னிலையில் அறிவித்து நிலைநாட்டப்பெற்றது அவ்விழாவிலேயாம். எனவே அன்று ஒழிக்கப்பட்டது வெறும் விருந்தன்று. ஒரு சமூகத்தின் காணிப் பதிவகமே மூடப்பட்டது எனலாம். 1927 இல் நில உரிமைக் கோரிக்கைகளுக்காக அரசின் அனுமதியின்றி நிதி திரட்டுவதும் குற்றமாக்கப்பட்டது. இவ்விரு தடைகளும் 1951 வரை நீடித்தன.

தடை நீங்கியும் அதிகாரம் கைமாறவில்லை. 1958 இல் வன்கூவரில் மஸ்குவியம் மக்களின் 162 ஏக்கரை அரசு ஒரு கொல்ப் கழகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அம்மக்கள் இணங்கிய நிபந்தனைகள் வேறு. கைச்சாத்தான நிபந்தனைகள் வேறு. குத்தகைப் பத்திரத்தின் பிரதியே 1970 இற்றான் அவர்களுக்குக் கிட்டியது. 1984 இல் கெரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு தன் நம்பிக்கைக் கடப்பாட்டை மீறிற்று எனத் தீர்த்து, 1 கோடி டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது.

இப்பின்னணியிலேயே 2012 இல் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் திட்டமிடற் பள்ளி, முதுமாணி நெறியினுள் ஆதிக்குடிச் சமூகத் திட்டமிடலைத் தனிப்பிரிவாக்கியது. மஸ்குவியம் மக்கள் அதன் பங்காளராயினர். அப்பல்கலைக்கழகம் நிற்பதும் அவர்கள் ஒருபோதும் கையளிக்காத நிலத்திலேயே. மாணவர் ஆதிக்குடிச் சமூகமொன்றுடன் இணைந்து களப்பயிற்சி பெறுகின்றனர். ஆதிக்குடித் திட்டமிடல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முறையன்று, குடியேற்றத்துக்கு முன்பிருந்தே வழங்கிவரும் மரபு என மாவோரி அறிஞர் ஹிரினி மாட்டுங்கா வாதிடுவதும் இங்கு கருதத்தக்கது.

எனினும் மரபு என்பதைப் பழைமையோடு மயக்குதல் ஆகாது. 1913 இல் செனாக்வ் என்னுமிடத்திலிருந்து ஸ்குவாமிஷ் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நீதிமன்றப் போராட்டத்தின் பின் 2003 இல் ஏறத்தாழ 10 ஏக்கர் மீண்டது. அதில் அவர்கள் திட்டமிட்டதோ சுமார் 6,000 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கோபுரங்கள்! இது ஆதிக்குடிகளின் இயல்புக்கு ஒவ்வாது என அயலவர் சிலர் குறைகூறினர். பிறர் தம் நிலத்தில் எவ்வாறு வாழவேண்டுமெனத் தாமே விதிக்கும் அப்பழைய பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை போலும். ஒதுக்கு நிலமாதலின் மாநகரின் வலய விதிகள் அங்கு செல்லா. நீர், வடிகால் முதலிய சேவைகளுக்காக 2022 இல் மாநகரசபையே ஸ்குவாமிஷ் மக்களோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டது.