அடியிற் காத்த தமிழ்



தமிழில் 'அடி' என்னும் சொல் காலையும் குறிக்கும். செய்யுளின் ஒரு வரியையும் குறிக்கும். இவ்விரண்டையும் பிரிக்காமல் போற்றி வந்த நாடகக் கலையொன்று கொச்சியிலும் அதனை அடுத்த கடற்கரையிலும் வழங்கி வருகின்றது. அதன் பெயர் சவிட்டு நாடகம். சவிட்டு என்பது மலையாளத்தில் காலால் மிதித்தலைக் குறிக்கும். நடிகர் தாமே பாடிக்கொண்டு, மரப்பலகை மேடை அதிர மிதித்து ஆடுவதால் இப்பெயர் பெற்றது. ஆடுவோர் இலத்தீன் கிறித்தவர். அவர்தம் வீட்டுமொழி மலையாளம். ஆயினும் பழைய நாடகங்களின் பாட்டுகள் தமிழில், மலையாளம் கலந்த தமிழில் அமைந்தவை. வேற்றுமொழி பேசுவோர் நாவில் தமிழ் இத்தனை காலம் நிலைத்தது எங்ஙனம்?

விடை காணச் சற்றே வரலாற்றை நோக்குவோம். போர்த்துகீசியர் 1500-ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்தனர். மட்டாஞ்சேரியில் அவர்கள் 1555-இல் கொச்சி அரசருக்குக் கட்டித் தந்த அரண்மனை இன்றும் நிற்கின்றது. அக்காலத்தில் இக்கரையில் சமயம் பரப்ப முயன்றோர்க்குத் தமிழே கைகொடுத்தது. அண்டிரிக்கி அடிகளார் தமிழாக்கிய 'கிரிசித்தியானி வணக்கம்' 1579-இல் கொச்சியிலேயே அச்சேறியது. இத்தகைய சூழலில், 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சவிட்டு நாடகம் உருப்பெற்றது என்பர். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். போர்த்துகீசியர் அதிகாரம் மறைந்தது; நாடகம் மறையவில்லை.

இதன் தலையாய நாடகம் 'காறல்மான் சரிதம்'. கி.பி. 800-இல் உரோம் நகரில் முடிசூடிய சார்லமேன் பேரரசனும் அவனுடைய வீரர் பன்னிருவரும் இதன் மாந்தர். இதனை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்றும், அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றும் வழிவழியாகக் கூறுவர். ஆட்டம் பயிற்றும் ஆசானுக்கும் அண்ணாவி என்றே பெயர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்துப் பழக்குவோரை அண்ணாவியார் என்று அழைப்பது நேயர்கள் பலர் அறிந்ததே.

பிரான்சு நாட்டுக் கதை, தமிழ்ப் பாட்டு, ஆனால் அதனைத் தாங்கிய உடலோ மலையாள நாட்டு உடல். சவிட்டு நாடகத்தின் வாட்போரும் பாய்ச்சலும் களரிப் பயிற்சியின் வழிவந்தவை. களரியில் மாணாக்கன் முதலிற் கற்பது ஆயுதம் அன்று. கால் வைக்கும் முறை. அதனைச் சுவடு என்பர். காலும் இடுப்பும் நிலைபெற்ற பின்னரே கையில் கோல் தருவர். சவிட்டு நாடகத்திலும் அவ்வாறே அடிகள் முதலிற் பழக்கப்படும். நல்லோர்க்கு ஒருவகை அடி, தீயோர்க்கு வேறொரு வகை. ஆகவே மேடையிற் புகுபவன் வாய் திறக்குமுன் அவன் கால் அவனை இன்னான் என்று காட்டிவிடும்.

இப்பயிற்சி மேடைக்கு மட்டும் உரியதன்று. ஆடியோர் பெரும்பாலும் உழைப்பாளிகள். ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுப்பவர்க்கும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்க்கும் முழங்காலை இளக்கி, இடுப்பை நிலைநிறுத்தி, பளுவைப் பாதத்தில் இறக்கும் பழக்கம் எத்துணைப் பயன் தரும் என்று சொல்ல வேண்டுவதில்லை. மிதித்துக்கொண்டே பாடுவோர்க்கு மூச்சை அளந்து செலவிடும் திறமும் வாய்க்கின்றது.

ஜப்பானியரின் பழம்பெரும் 'நோ' நாடகத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கும் கலைக்கு அடித்தளம் நடையே. குதிகால் தரையை விட்டு எழாமல், இடுப்பை ஒரே மட்டத்தில் நிறுத்தி, வழுக்குவதுபோல் நடப்பர். அந்நடைக்குச் 'சுரி-ஆஷி' என்று பெயர். வேண்டிய இடத்தில் காலை ஓங்கி மிதிப்பதும் உண்டு. அவ்வோசை முழங்குவதற்காகவே பழைய மேடைகளின் அடியில் மண்சாடிகளைப் புதைத்து வைத்தனர். கடல்கள் கடந்த இரு நாட்டார், ஒருவரையொருவர் அறியாமலே, மேடைப் பலகையையும் ஓர் இசைக்கருவியாக்கினர்.

இனி, நம் வினாவுக்கு வருவோம். கொச்சிக் கரையில் தமிழைக் காத்தது பள்ளிக்கூடம் அன்று, பாதம். ஒவ்வொரு பாட்டடிக்கும் ஒரு காலடி இணைந்திருந்தமையால், சொல் தவறினால் தாளம் தவறும். தாளம் தவறினால் கால் இடறும். ஆசானின் செவியும் மாணாக்கனின் காலும் காவல் நின்றன.

ஆயினும் அக்காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. சுவடிகள் மலையாள எழுத்தில் படியெடுக்கப்பட்டன. பொருள் அறியாதோர் எழுதியும் பாடியும் வந்தமையால் சொற்கள் தேய்ந்தன. ஓசையைக் காத்த கால் பொருளைக் காக்க இயலவில்லை. புதிய நாடகங்கள் மலையாளத்திலேயே எழுதப்படுகின்றன. பல இரவுகள் தொடர்ந்த ஆட்டம் பள்ளிக் கலைவிழாக்களில் சில நிமிடங்களாகச் சுருங்கியுள்ளது. கோதுருத்தில் பிறந்த சபீனா ராபி அம்மையார் 1964-இல் 'சவிட்டு நாடகம்' என்னும் நூலை வெளியிட்டு, அறிஞர் கவனத்தை இக்கலையின்பால் ஈர்த்தார். அவர் செய்த தொண்டு பெரிது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும் உள்ளன. நம் குழந்தைகள் பள்ளியிற் பயில்வது வேறு மொழி. தமிழ் எழுத்தைப் புத்தகத்தால் மட்டும் புகட்ட முயன்று சோர்ந்த பெற்றோர் பலர். கும்மியும் கோலாட்டமும் கற்பித்துப் பாருங்கள். கைகொட்டி, கால் பெயர்த்துப் பாடிய அடி எளிதில் மறவாது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் குழந்தையை அருகில் இருத்தி, பாடிய அடியின் பொருளையும் சொல்லிவிடுங்கள். கொச்சிக் கடற்கரையில் நழுவிப்போனது அதுவே.