சோழவரம் கேட்டைத் தாண்டினா பாலிசி செல்லுமா?

வடசென்னைக்காரங்களுக்கு சோழவரம்னா ரெண்டு விஷயம்தான். ஒண்ணு ஏரி, இன்னொண்ணு கார் ரேஸ். ஏரி இன்னும் இருக்கு. ரேஸ் போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. தண்டையார்பேட்டைல டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பெரிசுங்களைக் கேட்டா எருக்கஞ்சேரி ஹைரோடு, மூலக்கடை, புழல், செங்குன்றம்னு வழி சொல்லி, அப்படியே ரேஸ் கதையும் சொல்லுவாங்க.

இந்தப் பதிவு ரேஸ்ல யார் ஜெயிச்சாங்கன்னு சொல்றதுக்கு இல்லை. ரேஸுக்குப் போன காருக்கு இன்சூரன்ஸ் என்ன ஆச்சுங்கிறதைப் பத்தி. போர் அடிக்கும்னு ஓடிடாதீங்க. சொந்தமா வேகமான கார் வச்சிருக்கிற தம்பிங்க இதைப் படிச்சா வீடு வாசல் மிஞ்சும்.

முதல்ல சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்துல விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிஞ்சதும் சும்மா கிடந்தது. 1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சாங்க. அந்த ஓடுதளம் ரேஸ் மைதானம் ஆச்சு. ஆரம்ப காலத்துல ரேஸுக்குன்னே செஞ்ச கார்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போற அதே ஃபியட், ஹெரால்டு, எம்ஜி வண்டிங்கதான். காலைல வீட்டுல இருந்து ஓட்டிட்டுப் போய், பம்பரைக் கழட்டி வச்சுட்டு ரேஸ் ஓட்டி, சாயங்காலம் மறுபடி மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்ற காலம். 1990ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைல கிளப்பே சொந்தமா டிராக் கட்டினதும் சோழவரம் கதை முடிஞ்சது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரே கார், ஒரே ஓனர், ஒரே பாலிசி. ஜிஎன்டி ரோட்டுல போறப்போ செங்குன்றத்துல ஒரு சைக்கிள்காரரை இடிச்சா இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். சோழவரம் கேட்டுக்குள்ள போய் ரேஸ்ல அதே கார் ஒருத்தரை இடிச்சா? கொடுக்காது. திரும்பி வர்றப்போ ரோட்டுல ஏறினதும் பாலிசிக்கு மறுபடி உயிர் வந்துடும். இது என்ன மாயம்?

மாயம் எல்லாம் இல்லை. நாம காரை இன்சூர் பண்றதா நினைக்கிறோம். கம்பெனி இன்சூர் பண்றது காரை மட்டும் இல்லை, அந்தக் காரை நாம எதுக்குப் பயன்படுத்துறோம்ங்கிறதையும்தான்.

இது துறைமுகத்து ஆளுங்களுக்கு ரொம்ப காலமா தெரிஞ்ச சமாச்சாரம். கப்பலுக்கு எடுக்கிற பாலிசில எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குன்னு எழுதியிருக்கும். தக்க காரணம் இல்லாம கப்பல் வழி மாறிப் போச்சுன்னா, அந்த நிமிஷத்துல இருந்து கம்பெனி பொறுப்பு இல்லை. திரும்ப பழைய வழிக்கே வந்தாலும் இல்லை. (கார் பாலிசி இந்த விஷயத்துல எவ்வளவோ தேவலை!) புயல், பாறை, தீ எல்லாம் கடல் அபாயம், அதுக்குப் பணம் உண்டு. யுத்தம் தனி அபாயம், அதுக்குத் தனி பாலிசி, தனி பிரீமியம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து பர்மா ஆயில் கம்பெனி டேங்குகளைக் கொளுத்தினப்போ, மெட்ராஸ் கப்பல் ஏஜென்டுகளுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே உறைச்சிருக்கும்.

சரி, கடல்ல இருந்து ரோட்டுக்கு வருவோம். கார் இடிச்சு செத்தவன் குடும்பத்துக்கு ஓனர்கிட்ட பணம் இல்லைன்னா யார் கொடுப்பாங்க? இங்கிலாந்துல 1930ல சட்டம் போட்டாங்க, ரோட்டுல வண்டி ஓட்டணும்னா மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம்னு. அதே அச்சுல நம்ம ஊர்ல 1939 மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஆனா இன்சூரன்ஸ் அத்தியாயத்தை மட்டும் தள்ளிப்போட்டு, போர் முடிஞ்ச பிறகு 1946 ஜூலை 1லதான் அமலுக்குக் கொண்டுவந்தாங்க.

இந்தச் சட்டத்துல ஒரு நல்லது உண்டு. பாலிசில ஏதோ ஒரு மூலைல பொடி எழுத்துல நிபந்தனை போட்டு வச்சு, அதைக் காட்டி அடிபட்டவனுக்குப் பணம் இல்லைன்னு கம்பெனி தப்பிக்க முடியாது. தப்பிக்கிறதுக்கு இன்னின்ன காரணம்தான்னு சட்டமே ஒரு சின்ன பட்டியல் போட்டிருக்கு. அந்தப் பட்டியல்ல ஒண்ணு, ஏற்பாடு செஞ்சு நடத்துற பந்தயமும் வேகச் சோதனையும். 1988 சட்டத்துல 149வது பிரிவா இருந்தது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் 150வது பிரிவா ஆகியிருக்கு. நம்பர் மாறிச்சு, அந்த வரி மட்டும் மாறவே இல்லை.

சட்டம் கதவைத் திறந்து வச்சா கம்பெனிங்க சும்மா இருப்பாங்களா? உங்க வீட்டு பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு'ன்னு ஒரு பத்தி இருக்கும், அதைப் படிங்க. 2002 ஜூலைல இருந்து நாடு முழுக்க ஒரே மாதிரி வந்த மோட்டார் டாரிஃப்ல இந்த வாசகம் இருக்கு. வாடகைக்கு விடுறது, சரக்கு ஏத்துறது, ஏற்பாடு செஞ்ச பந்தயம், பேஸ் மேக்கிங், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரயல், மோட்டார் வியாபாரம். இதைத் தவிர எதுக்கு வேணா ஓட்டிக்கலாம்.

அதே டாரிஃப்ல 31ம் நம்பர்னு ஒரு இணைப்பு இருக்கு. கூடுதல் பிரீமியம் கட்டினா ராலிக்கும் ரிலையபிலிட்டி டிரயலுக்கும் பாலிசி செல்லும். ஆகா, கிடைச்சிடுச்சுன்னு துள்ளாதீங்க. அந்த இணைப்புக்குள்ளேயே இன்னொரு வரி, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இது கிடையாதுன்னு. நடத்துறவங்களுக்கும் பாதுகாப்பு கிடையாது. ராலிக்கு ஜன்னலைத் திறந்து, ரேஸுக்குக் கதவைச் சாத்திட்டாங்க.

இன்னொரு வேடிக்கை. அந்த டாரிஃப் பிரீமியம் போட்ட விதத்துல ஸ்போர்ட்ஸ் கார்ங்கிற வார்த்தைக்கே வேலை இல்லை. இன்ஜின் சிசி, வண்டி வயசு, ஊர், இதுதான் கணக்கு. சென்னை 'ஏ' மண்டலம். 1500 சிசிக்கு மேல, அஞ்சு வருஷத்துக்கு உட்பட்ட கார்னா மதிப்புல 3.44 சதவீதம். 20 லட்ச ரூபாய் கார்னா 68,800 ரூபாய், சொந்த சேதத்துக்கு மட்டும். பெரியவர் ஓட்டுற கான்டசாவுக்கும், பையன் ஓட்டுற ரெண்டு சீட்டு காருக்கும் ஒரே சதவீதம்! யார் எப்படி ஓட்டுறாங்கன்னு பார்க்காம வாங்கின பணத்துல ரேஸ் ஆபத்தையும் தாங்க முடியாதுங்கிறதுதான் கம்பெனி பக்கத்து நியாயம். அதுல தப்பு சொல்ல முடியலை. செங்குன்றம் சந்தைக்கு மெதுவா போற ஆளோட பிரீமியத்துல இருந்து ரேஸ்காரருக்கு புது பானெட் வாங்கிக் கொடுக்கிறது எப்படி சரியாகும்? 2007 ஜனவரில இருந்து சொந்த சேத பிரீமியத்தை கம்பெனிங்களே முடிவு பண்ணலாம்னு ஆச்சு. ஆனா ரேஸ் விலக்கு அப்படியே தங்கிடுச்சு.

அடுத்த கேள்வி, டிராக் டே. சொந்தக் காரை டிராக்குக்குக் கொண்டுபோய், கட்டணம் கட்டி, போட்டி இல்லாம ஆசை தீர சுத்துறது. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. அப்போ பந்தயம் இல்லையே, பாலிசி செல்லணுமேன்னு பலரும் வாதாடுவாங்க. பந்தயம் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா பக்கத்துலயே வேகச் சோதனைன்னு ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கே! இருங்காட்டுக்கோட்டைல 3.7 கிலோமீட்டர் சுத்தை எத்தனை நொடில முடிச்சேன்னு ஸ்டாப் வாட்ச் வச்சுப் பார்த்தவர், அது வேகச் சோதனை இல்லைன்னு சர்வேயர்கிட்ட எப்படிச் சொல்வார்?

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை. ஸ்லோவேனியால 2007ல ஒரு பண்ணைல, ஏணில நின்ன ஆளை டிராக்டர் இழுத்துட்டு வந்த டிரெய்லர் தட்டி விட்டுடுச்சு. ரோடே இல்லை, வைக்கோல் அடுக்கிற இடம். கட்டாய இன்சூரன்ஸ் இங்கேயும் செல்லும்னு 2014ல ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதும் ரேஸ்காரங்களுக்கு வயித்துல புளி கரைஞ்சது. ரோட்டுக்கு வெளியிலேயும் கட்டாயம்னா ரேஸ் காருக்கும் கட்டாயம்தானே? அந்த பிரீமியம் கட்டி யார் ரேஸ் நடத்த முடியும்? கடைசில ஐரோப்பிய ஒன்றியம் 2021ல மோட்டார் ரேஸுக்கு விலக்கு கொடுத்தது, ஏற்பாட்டாளர்கள் வேற வழில இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும்ங்கிற நிபந்தனையோட. ஒன்றியத்தை விட்டு வெளியே வந்துட்ட பிரிட்டன் 2022ல தனிச் சட்டமே போட்டு அந்தத் தீர்ப்பைக் கழட்டி விட்டுடுச்சு.

அந்த நிபந்தனையைக் கவனிச்சீங்களா? ரேஸ்ல அடிபடுறவன் அநாதையா போயிடக்கூடாது, யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். 1955ல லே மான்ஸ் ரேஸ்ல ஒரு கார் பறந்துபோய் கூட்டத்துல விழுந்து 80க்கும் மேல பார்வையாளர்கள் செத்தாங்க. நம்ம இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023ல ரெண்டு பேர் போயிட்டாங்க. ஜனவரில 59 வயசு கார் பந்தய வீரர், ஆகஸ்ட்ல பைக் ஓட்டின 13 வயசுப் பையன். டிராக்குங்கிறது எல்லா ஏற்பாடும் இருக்கிற இடம்தான், ஆனாலும் விபத்து நடக்கும்.

நம்ம ஏரியா பசங்க சில பேர், "டிராக்கே வேணாண்ணே, ராத்திரி எண்ணூர் ரோட்டுல ஓட்டிக்கலாம்"னு சொல்லுவாங்க. தம்பிங்களா, பொது ரோட்டுல மாநில அரசு அனுமதி இல்லாம ரேஸ் ஓட்டினா 189வது பிரிவு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மூணு மாசம் வரை ஜெயில் இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதைவிட முக்கியம், அந்த ரோட்டுல எதிர்ல கன்டெய்னர் லாரி வரும். நடந்து போறவங்களும் இருப்பாங்க.

அனுமதி இருந்தா ரோடே டிராக் ஆகும்ங்கிறதை 2024ல சென்னையே பார்த்துச்சு. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ரெண்டு நாள் தீவுத்திடலைச் சுத்தி ஃபார்முலா 4 ரேஸ். நாம தினமும் போற கொடிமரச் சாலையும் சிவானந்தா சாலையும் தடுப்பு வச்சு 3.5 கிலோமீட்டர் டிராக் ஆயிடுச்சு. தார் அதேதான். பயன்பாடுதான் வேற.

அப்போ டிராக் டே போகவே கூடாதா? தாராளமா போங்க. போறதுக்கு முன்னாடி ஏஜென்ட் வாய்ல சொல்றதை நம்பாம கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, எழுத்துலயே பதில் வாங்குங்க. டிராக் நடத்துறவங்க என்ன இன்சூரன்ஸ் எடுத்திருக்காங்க, அது உங்களுக்கா, பார்க்க வந்தவங்களுக்கா, இல்லை அவங்களுக்கு மட்டுமான்னு கேளுங்க. நீங்க கையெழுத்து போடுற காகிதத்தைப் படிங்க. கார் பாலிசியோட சேர்ந்து வர்ற 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துப் பாதுகாப்பும் அதே பயன்பாட்டு வரம்புக்குள்ளதான், அதனால தனியா ஒரு விபத்து பாலிசி பாருங்க. அதுலயும் ரேஸ் விலக்கு இருக்கான்னு தேடுங்க. கார் நொறுங்கினா தாங்குற அளவுக்குக் கைல காசு இருக்கிறவங்க மட்டும் போங்க.

முக்கியமா ஒண்ணு. டிராக்ல இடிச்ச காரை லாரில ஏத்திட்டு வந்து, "பூந்தமல்லி ரோட்டுல நாய் குறுக்க வந்துடுச்சு சார்"னு கிளெய்ம் போடச் சொல்ற புத்திசாலிங்க இருப்பாங்க. கேட்காதீங்க. பொய் கிளெய்ம் மோசடி. மாட்டினா இந்த கிளெய்ம் போறது மட்டும் இல்லை, கேஸ் வரும், அடுத்து யாரும் பாலிசி தர யோசிப்பாங்க. கண்ணால பார்க்க முடியாத கப்பலுக்கு, ஓனர் சொன்ன வார்த்தையை மட்டும் நம்பி பணம் போட்ட வியாபாரம் இது. அந்த நம்பிக்கைதான் மூலதனம். எந்த வழில போகப்போறோம்னு முன்னாடியே உண்மையைச் சொன்னவனோட கப்பலுக்குத்தான் பாதுகாப்பு. காருக்கும் அதேதான்.